தன் புகையையே குடித்த வான்

நாயாற்றிலிருந்து வவுனியாவுக்கு மீன் ஏற்றும் என் ஜப்பான் வானுக்கு ஒரு நோய் பிடித்தது. வேகமாக ஓடும்போது குறையில்லை. வேகம் குறைந்தால் எஞ்சின் குலுங்கி நின்றுவிடும். தள்ளினால்தான் திரும்பப் பிடிக்கும். பிளக் மாற்றினேன், காபரேற்றர் கழுவினேன், பலனில்லை. நிறுத்தும் இடங்களில் அக்சிலேற்றரை மிதித்தபடியே சமாளித்தேன்.

ஒருநாள் வழியிலிருந்த இராணுவச் சோதனைச்சாவடியில் அந்தச் சமாளிப்பே வினையானது. மணல்மூட்டைகளுக்கு நடுவே வான் உறுமியதும், நான் பாய்ந்து ஓடப்போகிறேன் என்று நினைத்த ஆமிக்காரன் துவக்கை நீட்டினான். பக்கத்தில் இருந்த மீன் வியாபாரி பிலோமினா அக்கா செபமாலையை இறுக்கிப் பிடித்தார்.

"காலை எடு தம்பி!"

"எடுத்தால் நிண்டிடும் அக்கா."

"எடுக்காட்டி நாங்கள் இருக்கமாட்டம்!"

எடுத்தேன். நின்றது. முன்னால் தடை, பின்னால் லொறிகள்; இறங்கித் தள்ளவும் விடவில்லை. ஐஸ் உருகிய மீன் தண்ணீர் காலடியில் ஓட, கைகளைத் தலையில் வைத்தபடி வெயிலில் வானுக்குள்ளேயே வெந்தோம். வானை முழுக்கக் கிளறிப் பார்த்த பிறகே தள்ள விட்டார்கள்.

வவுனியா கராஜில் மெக்கானிக் ஒரு சின்ன வால்வைக் கழற்றிக் காட்டினார். வெளியேறும் புகையில் கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்குள் விடுகிற வால்வு அது; எஞ்சின் மெதுவாக ஓடும்போது மூடியிருக்க வேண்டும். கரி பிடித்து, திறந்தபடியே இறுகியிருந்தது.

"தான் விட்ட புகையைத் தானே குடிச்சால் மூச்சு முட்டாதோ?" என்றார். கரியைச் சுரண்டி, கழுவித் திரும்பப் பூட்டியதும் எஞ்சின் சீராக ஓடியது.

இப்போது அந்த வால்வை அடிக்கடி கழற்றித் துப்புரவாக்குகிறேன். சாவடி வந்தால், யாரும் சொல்லுமுன் நானே எஞ்சினை நிறுத்திவிடுகிறேன். பிலோமினா அக்கா மட்டும், அது திரும்பப் பிடிக்கும்வரை செபமாலையை விடுவதில்லை.