நுரைக்குப் பதில் சொல்லும் வேலை

சமூகத் தொடர்பு அதிகாரி என்றால், கம்பெனி செய்ததற்கு மன்னிப்பு கேட்காமல் வருத்தம் மட்டும் தெரிவிக்கத் தெரிந்தவர் என்று அர்த்தம். ஏழு வருடம் அந்த வேலையைப் பார்த்தேன். சுங்கை காடுட்டைத் தாண்டி, ஒரு பழைய தோட்டத்து லயங்களை, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, ஒட்டி ரப்பர் கையுறை செய்யும் வெளிநாட்டுக் கம்பெனி அது. பெடாஸ் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள், தமிழும் மலாயும் ஆங்கிலமும் பேசுவாள் என்றுதான் என்னை எடுத்தார்கள். யாரோ செய்த தப்புக்கு முன்னால் நிறுத்தப்பட்டுத் திட்டு வாங்கும் வேலையை நீங்களும் பார்க்கிறீர்களா? கவுண்டரிலோ, டெலிபோனிலோ, ஆஸ்பத்திரி வாசலிலோ? அப்படியென்றால் இது உங்களுக்குத்தான்.

வாசனை

சேர்ந்த முதல் வாரமே ஆரோக்கியமேரி அக்கா வந்தார். லயத்தில் கடைசி வீடு அவருடையது. அவர் வீட்டுக்கும் எங்கள் வேலிக்கும் நடுவில் ஒரு லொங்கான் மட்டும்தான். அதில்தான் மழைத்தண்ணீர் ஓடி ஆற்றில் சேரும். பக்கத்திலிருந்த தமிழ்ப் பள்ளியில் கூட்டிப் பெருக்கும் வேலை அவருக்கு. "ஜன்னலத் திறக்க முடியல மேடம். அழுகுன முட்டை நாத்தம். சோறு எறங்க மாட்டேங்குது" என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதி என் மேலாளர் கெல்வினிடம் கொடுத்தேன்.

கெல்வின் சிரம்பான்காரர். மரியாதையான மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். 'நாற்றம்' என்ற சொல்லைப் பேனாவால் அடித்துவிட்டு, 'வேறுபட்ட வாசனை' என்று எழுதினார். நாற்றம் என்றால் தலைமையகத்துக்கு அனுப்ப வேண்டுமாம். வாசனை என்றால் நம் ஆபீசோடு முடிந்துவிடுமாம். திருத்திய தாளில் கையெழுத்து வாங்க மறுநாள் அக்கா வீட்டுக்குப் போனேன். வெட்கம் கெட்டுப் போய் அதை வாசித்தும் காட்டினேன். அவர் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். "வாசனைன்னே இருக்கட்டும் மேடம். ஒங்க பெரிய ஆளுங்க வந்தா எங்க வீட்டுல ஒக்காந்து அந்த வாசனையோட ஒரு வேளை சாப்பிடச் சொல்லுங்க."

பள்ளிச் சுவர்

அந்தத் தமிழ்ப் பள்ளியின் தலைமையாசிரியை கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் பிள்ளைகள் இருமுகிறார்கள், உங்கள் புகைபோக்கியைக் கொஞ்சம் பாருங்கள் என்பதுதான் மொத்தக் கடிதமும். மூன்று மாதம் கூட்டம் போட்டுப் பேசி, கம்பெனி ஒரு முடிவுக்கு வந்தது: பள்ளிச் சுவருக்குப் பெயிண்ட் அடிப்பது.

ஒரு சனிக்கிழமை ஆபீஸ்காரர்கள் எல்லாரும் பச்சை டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு கோத்தோங்-ரோயோங் என்ற கூட்டுப்பணிக்குக் கிளம்பினோம். சுவரில் மரம், வண்ணத்துப்பூச்சி, நீல ஆறு. ஓரத்தில் கம்பெனி முத்திரை. பெயிண்ட் அடித்த நேரத்தைவிடப் படம் பிடித்த நேரம் அதிகம். அன்றைக்கும் காற்று பள்ளிப் பக்கமாகத்தான் வீசியது. எங்கள் ஆட்களே மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு பிரஷ் பிடித்தார்கள். படம் எடுக்கும்போது மட்டும் அவிழ்த்தார்கள். தலைமையாசிரியை எல்லாருக்கும் தே தாரேக் டீ கொடுத்து உபசரித்தார். நான் டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "சுவரு ஒரு நாளும் இருமுனதில்லையே, கலா."

ஐந்தில் எத்தனை

பிறகு கருத்துக்கணிப்பு வந்தது. கோலாலம்பூரிலிருந்து வந்த ஆலோசகர்கள் ஆங்கிலத்தில் கேள்வி தயாரித்தார்கள், நான் தமிழில் கேட்டேன். முனியாண்டி அண்ணன் லயத்துக்குப் பின்னால் சிமெண்டுத் தொட்டி கட்டிக் கெலி மீன் வளர்ப்பவர். பெக்டரியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர் முதுகு போய் வேலையை விட்டு, மீனை நம்பிக் குடும்பம் நடத்தினார். அவரிடம் கேட்டேன்: "எங்கள் நிறுவனம் அருகில் இருப்பதால் உங்கள் வாழ்க்கை மேம்பட்டுள்ளதா? ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்க." அண்ணன் மீனுக்குத் தீனி போடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "சைபர் இல்லியாலா ஒங்க கணக்குல?"

நுரை

இரண்டு நாள் விடாமல் மழை. கழிவு நீரைத் தேக்கும் எங்கள் குளம் நிரம்பி வழியப் போகிறது என்று உற்பத்திப் பிரிவு சொன்னது. மெஷினை நிறுத்தினால் ஏற்றுமதி தாமதமாகும். அதனால் ஒரு வால்வைத் திறந்து லொங்கானில் விட்டார்கள். எல்லா மழைக்காலத்திலும் இப்படித்தான் செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். திறந்த நாளும் நேரமும் எழுதிய கோப்பு என் நாற்காலிக்குப் பின்னாலிருந்த அலமாரியிலேயே இருந்தது. மழையோடு மழையாகப் போய்விடும் என்று அவர்கள் எனக்குச் சொன்னதை நானும் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

இந்த முறை போகவில்லை. லொங்கான் அடைத்துக்கொண்டு, வெள்ளை நுரை முழங்கால் உயரத்துக்கு லயத்துக்குள் ஏறியது. தண்ணீர் வீட்டுக்குள் வருகிறதே என்று மேரி அக்கா இறங்கிக் கையாலேயே அடைப்பை எடுத்தார். மதியத்துக்குள் இரண்டு காலிலும் கொப்புளம். ஒரு வாரம் சிரம்பான் ஆஸ்பத்திரியில் படுக்கை. முனியாண்டி அண்ணனின் தொட்டிகளிலும் அந்தத் தண்ணீர் புகுந்து, மீன் அத்தனையும் வயிற்றை மேலே காட்டி மிதந்தன. சாக்கில் அள்ளி அள்ளி வெளியே வைத்தார். அவர் மனைவி சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அன்று சாயங்காலம் கம்பெனி என்னை அனுப்பியது. என் கையில் ஒரு தாள்: 'உள்விசாரணை நடைபெறுகிறது, உங்கள் பொறுமைக்கு நன்றி.' காரில் வீட்டுக்கு ஒன்றாகப் பரிசுக்கூடை. அதில் பிஸ்கட், மைலோ, சார்டின் டின். கூடையை வாங்குபவர்களைப் படம் எடுக்கவும் ஓர் ஆள் கூடவே வந்தார். முனியாண்டி அண்ணன் கூடையை வாங்கி, சார்டின் டின்னை மட்டும் எடுத்து என் கையில் திருப்பி வைத்தார். "என் மீன சாவடிச்சிட்டு டின்னுல மீன் குடுக்கறீங்களே தங்கச்சி, இத யாரு யோசிச்சது?"

விருது

அந்த வருடமே எங்களுக்கு விருது. அண்டை சமூகத்தைப் பேணியதற்காகவாம். போர்ட் டிக்சனில் கடலைப் பார்த்த ஹோட்டலில் மதிய விருந்து. தலைமையகத்திலிருந்து ஓர் அம்மையார் விமானத்தில் வந்திருந்தார். திரையில் எங்கள் நற்பணிகளின் படம் ஓடியது: வண்ணத்துப்பூச்சிச் சுவர், பச்சை டீ-ஷர்ட், கடைசியாக மேரி அக்கா. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அவர் கையில் கூடையைத் திணித்து எடுத்த படம். காலில் கட்டு இருந்ததால் படத்தை இடுப்போடு வெட்டியிருந்தார்கள்.

எல்லாரும் கை தட்டினார்கள். நான் எழுந்தேன். நேராக அந்த அம்மையாரிடம் போய், படத்திலிருப்பவருக்கு என்ன நடந்தது, யார் வால்வைத் திறந்தது, கோப்பு எங்கே இருக்கிறது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தில் சிரிப்பு மாறவில்லை. கடைசிவரை தலையாட்டிக் கேட்டுவிட்டு, என் தோளில் கை வைத்துச் சொன்னார்: "இது சாப்பாட்டு நேரம், கலா. மின்னஞ்சலில் போடுங்கள், உரிய பிரிவுக்கு அனுப்புகிறேன்."

மின்னஞ்சல் போட்டேன். உரிய பிரிவு கெல்வின்தான்.

வாசல்

அடுத்த மழைக்கு முன்னால் லயத்து ஜனங்கள் முந்திக்கொண்டார்கள். ஒரு திங்கட்கிழமை காலை, லாரி வாசலுக்கு நேராகப் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். மேரி அக்கா நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில். கோஷம் இல்லை, கொடி இல்லை. வெளியே போக வேண்டிய லாரிகள் உள்ளேயே நின்றன. "உன் ஆட்கள்தானே, பேசிக் கிளப்பு" என்றார் கெல்வின். வாசல் வரை போனேன். அவர்கள் பக்கத்தில் சும்மா நின்றேன்.

பத்து மணி வாக்கில் சுற்றுச்சூழல் இலாகா அதிகாரி ஒருவர் வந்தார். இளம் மலாய்ப் பெண். எல்லார் முன்னாலும் கெல்வினிடம் கேட்டார், கழிவுநீரை வெளியே விட்டதற்குப் பதிவு ஏதும் உண்டா என்று. இல்லை என்றார் கெல்வின், வழக்கமான அமைதியோடு. இருக்கிறது, என் மேசைக்குப் பின்னால் இரண்டாவது தட்டில் என்றேன் நான். கெல்வின் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. கோபம் இல்லை அதில். எழுதியதில் பிழை கண்டவர் பார்ப்பது போல இருந்தது. நானே போய்க் கோப்பை எடுத்து வந்து கொடுத்தேன். மத்தியானத்துக்குள் வால்வுக்கு சீல் வைத்தார்கள். மெஷின்கள் நின்றன. ஜனங்கள் பாயைச் சுருட்டினார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், யாராவது எனக்கு நன்றி சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். மேரி அக்கா நாற்காலியை மடித்துக்கொண்டு என் அருகில் வந்தார். காலில் தழும்பு கறுத்துக் கிடந்தது. "இத்தன வருசமா அந்த பைலு ஒங்க முதுகுக்குப் பின்னாலயா மேடம் இருந்துச்சு?"

குழாய்

என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அவ்வளவு முட்டாள்கள் இல்லை அவர்கள். கேன்டீனுக்கு மாற்றினார்கள், சோறு வேகவில்லை, சம்பலில் காரம் அதிகம் என்ற புகார்களை எழுதி வைக்கும் வேலை. பெக்டரியும் சில வாரங்களில் திறந்தது. இந்த முறை நிலத்தடியில் நீளமாகக் குழாய் போட்டார்கள். லயத்து லொங்கானில் இப்போது மழைத்தண்ணீர்தான் ஓடுகிறது. முனியாண்டி அண்ணன் மறுபடி தொட்டியில் குஞ்சு விட்டிருக்கிறார். 'பாதிக்கப்பட்ட சமூகம்' என்ற பட்டியலிலிருந்து லயத்தின் பெயரை நீக்கி, பிரச்சினை தீர்ந்தது என்று அறிக்கையும் வந்துவிட்டது.

போன மாதம் கேன்டீனில் இருக்கும்போது என் பழைய மேசையிலிருந்து ஒரு டெலிபோனைத் திருப்பிவிட்டார்கள். எங்கள் ஆறு கடலை நெருங்கும் லிங்கி பக்கத்திலிருந்து ஒரு மலாய்க்காரர். ஆற்றில் இறால் பிடிப்பவராம். நிதானமாகத்தான் பேசினார், நான் அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "கம்பெனியில் யாரைக் கேட்டாலும் உங்கள் பெயரைச் சொல்கிறார்கள். எங்கள் ஆற்றில் மூன்று நாளாக வெள்ளையாக என்னமோ மிதக்கிறதே, அது என்ன என்று நீங்கள்தான் சொல்வீர்களாமே?"

ஏழு வருடத்தில் நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான்: அக்கம்பக்கத்தாரோடு தகராறு வந்தால் பெரிய கம்பெனி வேறு அக்கம்பக்கம் பார்த்துக்கொள்ளும்.