நீல கவுனில் இன்னொருத்தி

ஹாலிவுட்டில் ஓப்பல் பார்த்த வேலை, அசையாமல் நிற்பது. நட்சத்திரம் லெனோர் வேன்ஸுக்கும் அவளுக்கும் ஒரே உயரம், ஒரே நிறக் கூந்தல். விளக்குகளைச் சரிபார்க்கும்வரை லெனோரின் இடத்தில், அவளுடையதைப் போன்றே தைத்த நீல கவுனில், ஓப்பல் வியர்த்துக்கொண்டு நிற்பாள். எல்லாம் தயாரானதும் லெனோர் வருவாள், இவள் ஒதுங்கிவிடுவாள். படங்கள் பேசத் தொடங்கிச் சில வருஷங்களே ஆன காலம் அது.

கதாநாயகன் கில்பர்ட் ரான்சம், தனக்குப் பதிலாக நிற்பவனை அனுப்பாமல், தானே வந்து அவள் எதிரே நிற்க ஆரம்பித்தான்.

"உங்களுக்கு எதுக்கு சார் இந்தச் சூட்டுல நிக்கிற தலையெழுத்து?"

"இங்கதான் யாரும் கத்த மாட்டாங்க. உன்கிட்ட நிம்மதியாப் பேசலாம்."

"ஊரே உங்க பேச்சைக் கேக்க வரிசையில நிக்குது."

"அவங்க கேக்கறது வசனம். நீ என்னைக் கேளேன்."

அயோவாவில் அவன் அப்பா பன்றி வளர்த்ததைப் பத்திரிகைக்காரர்கள் அறிய மாட்டார்கள், ஓப்பல் அறிவாள். கோடையில் கல்யாணம் என்று இருவரும் முடிவுசெய்தார்கள். ஸ்டுடியோ ஒத்துக்கொள்ளாது என்பதால் யாரிடமும் மூச்சுவிடவில்லை. மதியத்தில் அவள் அவனுடைய ஒப்பனை அறைக்கு நழுவிப் போவாள். ஒரே சாண்ட்விச்சைப் பங்குபோட்டுச் சாப்பிடுவார்கள்.

ஒருநாள் அவள் அங்கிருந்து திரும்பிய சற்று நேரத்தில் கில்பர்ட்டை யாரோ சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

நீல கவுன் போட்ட பெண் அங்கிருந்து வெளியேறியதைப் பார்த்ததாகக் காவலாளி சொன்னான். நீல கவுன் என்றால் லெனோர். தன் அறையில் தூங்கிக்கொண்டிருந்ததாக அவள் சொன்னதற்குச் சாட்சி இல்லை. போலீஸ் அவளை விடாமல் துருவியது.

வாயைத் திறந்தால் சந்தேகம் தன்மேல் திரும்பும் என்று ஓப்பலுக்குத் தெரியும். இருந்தும், கில்பர்ட்டின் அடக்கம் முடிந்ததும் நேரே லெனோரின் வீட்டுக்குப் போனாள். இன்ஸ்பெக்டர் அங்கே இருந்தார். லெனோரின் கணவனும் படத்தின் தயாரிப்பாளருமான ஹார்லன் பிரைஸும் இருந்தான்.

"அங்க போனது மேடம் இல்லீங்க, நான்தான். கில்பர்ட்டும் நானும் கல்யாணம் பண்ணிக்க இருந்தோம்."

பிரைஸின் முகம் வெளுத்தது. "நீயா? பின்னாலேர்ந்து அப்படியே லெனோர் மாதிரியே இருந்துதே..."

இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பினார். "ஊர்லயே இல்லன்னு சொன்னீங்களே சார், எங்கேர்ந்து பாத்தீங்க?"

பிரைஸால் அதற்குமேல் மறைக்க முடியவில்லை. மனைவிதான் கில்பர்ட்டிடம் போய்வருகிறாள் என்று நம்பிச் சுட்டவன் அவன்தான்.

அவனைக் கூட்டிப்போன பிறகு ஓப்பல் தரையில் உட்கார்ந்து அழுதாள். "என்னாலதானே மேடம் அவர் செத்தாரு?"

லெனோர் பக்கத்தில் உட்கார்ந்து அவளை அணைத்துக்கொண்டாள். "உன்னால இல்லடி. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காத புருஷனால."

ஓப்பல் அந்த வேலைக்குத் திரும்பவில்லை. பாசடீனாவில் ஒரு ரொட்டிக் கடையில் சேர்ந்தாள். வருஷங்கள் கழித்து, எமில் என்ற பஸ் டிரைவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் அவனைக் கட்டிக்கொண்டாள்.

கில்பர்ட்டின் அந்தக் கடைசிப் படத்தை இப்போதும் எப்போதாவது டெலிவிஷனில் போடுகிறார்கள். அதில் ஒரு காட்சியில் லெனோர் தலைவலி என்று போய்விட்டதால், ஓப்பலின் தோளுக்குப் பின்னாலிருந்து கில்பர்ட்டின் முகத்தை எடுத்திருந்தார்கள்.

"லெனோர் மேல என்னா ஆசை பாருங்க அவனுக்கு!" என்பாள் பக்கத்து வீட்டு மேபல்.

ஓப்பல் திரையையே பார்த்திருப்பாள். எமில் எழுந்து, "மேபல், வாங்க, காப்பி போடலாம்" என்று அவளை அடுப்படிக்கு அழைத்துப்போவான்.