நோரீன் அனுப்பிய மதிப்பெண் பட்டியல்

நோரீன் மிஷோ பயந்த சுபாவம். அதை அவளே சொல்லுவாள். காரைப் பூட்டிவிட்டு இருபதடி நடந்தபின் திரும்பிப் போய்க் கைப்பிடியை இழுத்துப் பார்ப்பாள். தலைமையாசிரியர் "ஒரு நிமிஷம் வந்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டால் போதும், வேலை போய்விட்டது என்று முடிவு கட்டிக்கொண்டு முகம் வெளுத்துப் போவாள். அவர் கேட்க நினைத்தது கூட்ட அறைச் சாவியாக இருக்கும். ஃபோர்ட் லாம்பர்ட் உயர்நிலைப் பள்ளியில் அவளுடைய அறைக்கும் என் வேதியியல் வகுப்புக்கும் நடுவே ஒரு சுவர்தான். பதினேழு வருஷம் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் தொண்டையைச் செருமுவதைக் கேட்டுக்கொண்டே பாடம் நடத்தியிருக்கிறேன்.

பள்ளிக்கு வருமுன் அவள் வேலையிழந்தோருக்கான அரசு அலுவலகத்தில் இருந்தாள். ஊரின் காகித ஆலை மூடப்பட்ட வருஷம் அது. ஆலை ஆட்கள் வரிசையில் நிற்பார்கள், இவள் படிவம் நிரப்பிக் கொடுப்பாள். படிவத்தின் ஒரு கட்டத்தில் தப்பாகக் குறி போட்டால் ஒரு குடும்பத்துக்கு ஆறு வாரம் உதவி நின்றுபோகும். இரண்டு தடவை அப்படி ஆகியிருக்கிறது. இரண்டு பேரின் பெயரும் முகவரியும் அவளுக்கு இன்றும் மனப்பாடம்.

மேல்படிப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கு எங்கள் பள்ளியில் இருந்த ஒரே ஆலோசகர் அவள்தான். செப்டம்பர் கடைசியில் மூன்று வாரம் உருளைக்கிழங்கு அறுவடைக்காகப் பள்ளியை மூடுவோம். பிள்ளைகள் நக இடுக்கில் மண்ணோடு திரும்பி வரும்போது நவம்பர் ஒன்றாம் தேதி கழுத்தை நெரித்துக்கொண்டிருக்கும். அன்றுதான் முன்கூட்டிய சேர்க்கைக்குக் கடைசி நாள். ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் அப்படி விண்ணப்பம் போட முடியும். இடம் கிடைத்தால் அங்கேதான் சேர வேண்டும், பேச்சு மாறக் கூடாது. பதில் டிசம்பர் நடுவில் வரும்.

நான் சொல்லும் வருஷம், காரில் எட்டு மணி நேரத் தொலைவிலிருந்த ஒரு கல்லூரிக்கு எங்கள் பிள்ளைகள் இரண்டு பேர் போட்டார்கள். ஒருத்தி பிரியெல் ஹாஸ்கல். அவள் அம்மா பள்ளி நிர்வாகக் குழுவில் உறுப்பினர். கெட்டிக்காரப் பெண், தலைக்கனம் கிடையாது. இன்னொருவன் வெண்டல் தெரியோ. அவன் அப்பா ரோலன் உருளைக்கிழங்கு லாரி ஓட்டுகிறவர். எங்களிடம் இருந்த கணக்குப் பாடங்களையெல்லாம் பதினாறு வயதிலேயே படித்து முடித்துவிட்டதால், பக்கத்து ஊர்ப் பல்கலைக்கழகத்தில் போய் இரண்டு பாடம் படித்தான். இரண்டிலும் முழு மதிப்பெண்.

"ரெண்டு பேரும் வேற வேற காலேஜுக்குப் போடக் கூடாதாடி?" என்று நோரீன் அக்டோபரிலேயே புலம்பினாள். "ஒரே ஸ்கூல்லேந்து ரெண்டு பேர்னா பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாப்பாங்க. யாரு ரேங்க் மேல, யாரு கஷ்டமான பாடம் எடுத்திருக்காங்கன்னு. எனக்குப் பயமா இருக்கு."

"உனக்கு எப்பதான் பயமா இல்ல?" என்றேன் நான்.

டிசம்பர் பதினான்காம் தேதி சாயங்காலம் நாலு மணிக்கு முடிவு வந்தது. பிரியெலுக்கு இடம். நடைபாதையில் அவள் போட்ட கூச்சலில் உடற்பயிற்சிக் கூடத்திலிருந்தெல்லாம் ஆட்கள் ஓடி வந்தார்கள். வெண்டலுக்கு இல்லை. பிறகு பார்ப்போம் என்றுகூட இல்லை, ஒரேயடியாக இல்லை. அவன் பிரியெலிடம் போய்க் கை கொடுத்தான். பிறகு தன் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு பனியில் இறங்கி நடந்தான்.

திங்கட்கிழமை காலை, அவனுக்காக மற்றக் கல்லூரிகளுக்கு அனுப்புவதற்கு நோரீன் அவனுடைய மதிப்பெண் பட்டியலைத் திறந்தாள். அவற்றுக்கு ஜனவரி ஒன்று கடைசி நாள். பட்டியலின் அடியில் 'தரவரிசை: ஆறு' என்றிருந்தது.

ஆறு எப்படி வரும்? அவள் மேலே போய் ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். பல்கலைக்கழகத்தில் படித்த இரண்டு பாடங்களும் இருந்தன. மதிப்பெண் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அவளிடம் வந்த மதிப்பெண் தாள் அவள் கோப்பிலேயே கிடந்தது, பதிந்ததாக நினைத்திருக்கிறாள், பதியவில்லை. அந்தக் கோடையில் வந்த புது மென்பொருள் காலி இடத்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு சராசரியைப் போட்டிருந்தது. பென்சிலால் கூட்டிப் பார்த்தாள். மறுபடி கூட்டினாள். வெண்டல் முதலிடம். பிரியெல் இரண்டாமிடம்.

அக்டோபரில் அந்தப் பட்டியலை அனுப்புமுன் மூன்று தடவை சரிபார்த்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. மூன்று தடவையும் பார்த்தது அவன் பெயரின் எழுத்துகளை, பிறந்த தேதியை, கல்லூரியின் முகவரியை.

அன்று முழுக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் செருமல் சத்தமே இல்லை. சாப்பாட்டு வேளையில் போய்ப் பார்த்தேன். கதவை உள்ளே பூட்டியிருந்தாள். தட்டிய பிறகுதான் திறந்தாள். கண்ணுக்குக் கீழே மை அப்பியது போலிருந்தது. வேலை இருக்கிறது என்று கதவை மறுபடி சாத்திக்கொண்டாள். மறுநாள் காலையில், நான் அமிலப் புட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"டெல்லா, நான் ஒருத்தன் வாழ்க்கைய நாசம் பண்ணிட்டேன்."

எல்லாம் சொன்னாள். சொல்லும்போது என் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவள் பயம் ஒன்றல்ல. அடுத்த மாதம் நிர்வாகக் குழு ஆள்குறைப்பு பற்றிப் பேசப் போகிறது, வேலை போய்விடும். ரோலன் தெரியோ முரட்டு ஆள், கூடைப்பந்து ஆட்டத்தில் நடுவரைச் சட்டையைப் பிடித்துத் தூக்கியவர். இதையெல்லாம்விடப் பெரிய பயம் பிரியெல்.

"நான் உண்மையச் சொன்னா ரெண்டு பேரையும் மறுபடி பக்கத்துல வச்சுப் பாப்பாங்க. அந்தப் பொண்ணுக்குக் குடுத்ததப் பிடுங்கிட்டாங்கன்னா? ஒண்ணத் திருத்தப் போய் இன்னொண்ணையும் கெடுத்தவளா ஆயிடுவேனேடி!"

அப்போது நான் சொன்னதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் சொன்னேன். "பட்டியலத் திருத்தி மத்த காலேஜுக்கு அனுப்பிடு. அவனுக்கு வேற நல்ல இடம் கெடைக்கும். நடந்தது நடந்துபோச்சு, யாருக்கும் தெரியாது. வாயத் தெறக்காதே."

அவள் என்னைப் பார்த்தாள். ஆறுதல் அடைந்தது போலத்தான் இருந்தது. போய்விட்டாள்.

புதன்கிழமை, மற்றக் கல்லூரிகளின் பெயர்களை உறுதிப்படுத்திக்கொள்ள வெண்டலைக் கூப்பிட்டாள். பட்டியலைத் திருத்தி வைத்துவிட்டாள், கேட்க வேண்டியது அது ஒன்றுதான். இந்த உரையாடலை அவள் எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள், வார்த்தை மாறாமல்.

"உக்காருப்பா. மீதி அஞ்சு காலேஜுக்கும் இந்த வாரமே அனுப்பிடலாம்."

"வேணாம் மிஸ்."

"என்ன வேணாம்?"

"எங்கயும் அனுப்ப வேணாம். அப்பாவோட கம்பெனியில ஒரு இடம் காலியா இருக்கு. லாரிக்கு லைசன்ஸ் எடுக்கப் போறேன்."

"ஏம்ப்பா, ஒரு காலேஜ் இல்லைன்னா என்ன? நீ எவ்ளோ..."

"அவங்க எல்லாத்தையும் பாத்துட்டுத்தானே மிஸ் சொன்னாங்க," என்றான் அவன். கோபமே இல்லை. "இங்க நான் பெரிய ஆளுன்னு நெனச்சுட்டு இருந்தேன். வெளியில வச்சுப் பாத்தா நான் யாருன்னு தெரிஞ்சுபோச்சு. நல்லதுதான், இப்பவே தெரிஞ்சுது."

நோரீனுக்கு உண்மை வாய் வரை வந்தது, வெளியே வரவில்லை. "நாளைக்குப் பேசலாம், நாளைக்கு வா" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள். அவன் போனதும் ஆசிரியர்கள் கழிப்பறைக்கு ஓடிப் போய் வாந்தி எடுத்தாள். அவள் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்தான். முகம் கழுவிக்கொண்டு சொன்னாள், "அவன் நம்பிட்டான் டெல்லா. நான் போட்ட பூஜ்யத்த அவன் நம்பிட்டான்."

வியாழக்கிழமை காலை எட்டரைக்கு அவள் கல்லூரிக்கு ஃபோன் செய்தாள். என்னைப் பக்கத்தில் நிற்கச் சொன்னாள். எண்ணைப் போடுவதற்குள் விரல் இரண்டு தடவை தப்பியது. அந்தப் பக்கம் பேசியவள் ஒரு இளம் பெண். சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில் அவள் கேட்டாள், "இது உங்க தலைமையாசிரியருக்குத் தெரியுமா?"

"இல்ல. இன்னும் இல்ல."

"அவர் கையெழுத்தோட, பள்ளிக் கடிதத் தாள்ல, திருத்தின பட்டியலும் வேணும். அதுக்கப்புறம்தான் என்ன செய்ய முடியும்னு பாப்போம். எதுவும் உறுதி சொல்ல மாட்டேன்."

"இன்னொரு பொண்ணு... அவளுக்குக் குடுத்தது..."

"அந்தப் பொண்ணோட விண்ணப்பத்துல எதாவது தப்பு இருக்கா?"

"இல்ல, இல்ல!"

"அப்போ அதுல நாங்க கை வைக்க மாட்டோம்."

ஃபோனை வைத்துவிட்டு நோரீன் அழுதாள். ஒரு பயம் குறைந்தது, அவ்வளவுதான். மற்றவை அப்படியே நின்றன.

தலைமையாசிரியர் கன்யோன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "நோரீன், இதுல கையெழுத்துப் போட்டா இது ரெக்கார்டுல ஏறிடும். ஜனவரி கூட்டத்துல உங்களுக்காக நான் வாதாட முடியாது. புரியுதா?"

"புரியுது."

"இத நீங்க என்கிட்ட கொண்டு வராமலே இருந்திருக்கலாம்."

"தெரியும் சார்."

அவர் கையெழுத்துப் போட்டார். போட்ட வேகத்தில் தாள் கிழிந்துவிடும் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்தின நாள், ரோலன் தெரியோவையும் வெண்டலையும் வரச் சொன்னாள். அடுத்த அறையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நில் என்று என்னிடம் கெஞ்சினாள். நான் நின்றேன். பனி ஒட்டிய பூட்ஸோடு ரோலன் உள்ளே போனார். சின்ன நாற்காலி, பெரிய உடம்பு. அவள் சொல்லி முடிக்கும்வரை அவர் அசையவில்லை. நான் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். சத்தம் வரவில்லை.

"அப்போ என் பையன் முதலா?" என்று மட்டும் கேட்டார்.

"முதல்தான்."

"மத்த பசங்களோடத பாத்தீங்களா?"

அந்தக் கேள்வி அதுவரை நோரீனுக்குத் தோன்றவேயில்லை.

"என் பையனுக்கு இப்படி ஆயிருந்தா இன்னொருத்தனுக்கும் ஆயிருக்குமில்ல? பாருங்க," என்று எழுந்தார். வாசலில் நின்று, "இத எழுத்துலயும் குடுங்க" என்றார். வெண்டல் அவளைப் பார்க்காமலே அப்பாவின் பின்னால் போனான்.

அடுத்த நாளிலிருந்து அவள் பள்ளிக்கு வந்தாள், விடுமுறையிலும். பள்ளியில் வெப்பமூட்டியைக் குறைத்துவிட்டதால் கோட்டோடு உட்கார்ந்து, அந்த வருஷத்து ஐம்பத்தெட்டு பிள்ளைகளின் பட்டியலையும் தாளோடு ஒப்பிட்டாள். நானும் போனேன். என் அறிவுரைக்குப் பிராயச்சித்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் வாசிப்பேன், அவள் சரி என்பாள். மூன்றாம் நாள் அதே போல இன்னொரு காலி இடம் சிக்கியது. ஷானா பூஷே, பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்த பெண். முன்கூட்டிப் போடாதவள், அவளுடைய பட்டியல் இன்னும் எங்கும் போயிருக்கவில்லை. நோரீன் அந்தத் தாளை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள்.

"ரோலன் கேக்கலைன்னா இதுவும் போயிருக்கும்," என்றாள்.

ஷானாவின் பட்டியலைத் திருத்தினோம். வெண்டலின் திருத்திய பட்டியல் மற்ற ஐந்து கல்லூரிகளுக்கும் முப்பதாம் தேதி போனது. அனுப்பச் சொன்னவர் ரோலன். அவன் ஒத்துக்கொண்டானா என்று நாங்கள் கேட்கவில்லை.

ஜனவரிக் கூட்டத்தில் பிரியெலின் அம்மா நேருக்கு நேர் கேட்டார், "என் பெண்ணோட இடத்துக்கு ஆபத்து வரும்னு தெரிஞ்சுமா ஃபோன் பண்ணினீங்க?" நோரீன் எழுந்து நின்று, "ஆமா" என்றாள். அந்த அம்மா அவளுக்கு எதிராகத்தான் வாக்களித்தார். நாலுக்கு மூன்று என்ற கணக்கில் வேலை தப்பியது. கண்டனக் கடிதம் ஒன்று அவள் கோப்பில் ஏறியது.

முதல் கல்லூரி வெண்டலின் விண்ணப்பத்தை, ஜனவரியில் வந்த மற்றவற்றோடு பொதுச் சுற்றில் மறுபடி எடுத்துப் பார்த்தது. மார்ச் கடைசியில் பதில் வந்தது. மறுபடியும் இல்லை.

நோரீன் அன்று என் அறைக்கு வந்து நின்ற கோலம் எனக்கு மறக்காது. "சந்தோஷப்படறேனா டெல்லா நான்? இடம் போனது என் தப்பால இல்லைன்னு ஆயிடுச்சேன்னு? சீ. இல்ல, அக்டோபர்ல சரியா அனுப்பியிருந்தா அப்ப எடுத்திருப்பாங்களோ என்னவோ. எனக்கு எப்பவுமே தெரியப் போறதில்ல."

அதை அவளால் கடைசிவரை தாண்ட முடியவில்லை.

வெண்டலுக்கு மற்ற ஐந்தில் இரண்டில் இடம் கிடைத்தது. வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுத்தான். அதைச் சொல்ல அவளிடம் வந்தான். டிசம்பருக்குப் பிறகு அவனாக அந்த அறைக்குள் வந்தது அன்றுதான்.

"அந்தக் காலேஜ் மறுபடி இல்லைன்னது..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"இந்தத் தடவ அவங்க வேணாம்னது என்னைய மிஸ்," என்றான் அவன். "போன தடவ வேற யாரையோ. அதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்கு. இது எனக்குப் பரவால்ல."

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் அவள் அந்த வேலையில் இருந்தாள். அக்டோபரில் ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்து, அவர்கள் பட்டியலை அவர்களையே வரி வரியாகச் சத்தம் போட்டு வாசிக்கச் சொல்லுவாள். "மிஸ், கெழங்கு எடுக்கறதே தேவலாம்" என்று பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள். அவளும் சிரிப்பாள். அனுப்பும் பொத்தானை அழுத்தும்போது மட்டும் அவள் முகத்தில் சிரிப்பு இருக்காது.

பயம் போனதா என்று ஒரு தடவை கேட்டேன். "எங்க போகும்? அது பாட்டுக்கு இருக்கு," என்றாள். "அன்னிக்குக் காலேஜுக்கு ஃபோன எடுத்தப்பவும் இருந்துதே."