குறுக்கே நின்றவன்

பினாங்கு ஜார்ஜ் டவுனில் பதினான்காவது மாடியில் குடியிருக்கிறேன். கிட்டாரை உண்மையான ஆம்ப்ளிஃபயரில் செருகி உறும விட்டால் பக்கத்து வீட்டு அக்கா செருப்புகூடப் போடாமல் ஓடி வருவார். அதனால் எனக்குக் கணினியே கதி. மென்பொருளில் நூறு ஆம்ப்ளிஃபயர்கள் இருக்கின்றன. நெஞ்சில் வந்து இடிக்கும் அந்தக் காற்று ஒன்றிலும் இல்லை. இதைச் சொல்லிப் புலம்பியே பலர் காதைப் புண்ணாக்கியிருக்கிறேன்.

அதற்கு ஒரு வழி உண்டு. ஸ்பீக்கர் இருக்கும் அறையையே பதிந்துகொள்ளலாம். அடித்தொண்டை உறுமலில் தொடங்கிக் கொசுவின் ரீங்காரம் வரை ஒரே இழுப்பாக ஏறும் சத்தத்தை ஸ்பீக்கரில் ஓடவிட்டு, எதிர்மூலையில் மைக் வைத்துப் பிடிக்க வேண்டும். அதிலிருந்து மென்பொருள் ஒரு கோப்பு செய்யும். பிறகு எங்கே வாசித்தாலும் அந்த அறையில் வாசித்த மாதிரியே கேட்கும்.

எங்கள் இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவன் ஜுருவில் கார் பட்டறை வைத்திருந்தான். பள்ளிக்கூடத்திலிருந்தே நண்பன். ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறையின் பின்னறையில்தான் வாசிப்போம். அங்கே கிடந்த என் ஆம்ப்ளிஃபயரை விற்க முடிவு செய்ததும், கடைசியாக அந்த அறையைப் பிடித்துவைக்கப் போனேன். சத்தம் பாதி ஏறும்போது பார்த்தால், ஸ்பீக்கருக்கும் மைக்குக்கும் நடுவே கைகட்டி நிற்கிறான்.

சத்தம் நின்றதும் சொன்னான். “விக்காதடா. இங்கயே கிடக்கட்டும் லா. ஞாயித்துக்கிழமைன்னா நமக்கு வேற என்ன இருக்கு?”

“குறுக்க நின்னு எல்லாத்தையும் கெடுத்துட்ட. வெளிய போ.”

போனான். இரண்டாவது முறை சுத்தமாகப் பதிந்தது. சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டேன். நான்கு மாதம் இருவரும் பேசவில்லை. பிறகு அவன் மாரடைப்பில் இறந்துபோனான். பட்டறையை வாங்கியவர்கள் பின்னறையை இடித்துவிட்டார்கள்.

சென்ற மாதம் எங்கள் பழைய பாட்டு ஒன்றை முடிக்க உட்கார்ந்தேன். நல்ல கோப்பில் வாசித்தால் வெறும் அறை கேட்டது. அழிக்காமல் வைத்திருந்த, கெட்டுப்போன முதல் கோப்பை ஏற்றினேன். அதே அறைதான், ஆனால் நடுவில் ஓரிடத்தில் ஒலி மங்கியது. ஓர் ஆள் மறைக்கும் அளவுக்கு. பட்டப்பகலில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கையை எடுத்தால் அங்கே ஒன்றுமில்லை. தந்தியைத் தொட்டால் நிற்கிறான். பயமாகத்தான் இருந்தது. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு, அவனை எதிரில் வைத்தே பாட்டை முழுதாக வாசித்து முடித்தேன்.

ஒலிக்கலவை செய்பவர் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் ஒரு பெண். அவருக்கு அதைத்தான் அனுப்பினேன். மறுநாள் அழைத்தார்.

“அண்ணே, கிட்டார் நடுவுல ஏதோ அடைச்ச மாதிரி இருக்கு. வேற ஃபைல் இருக்கா? இல்லன்னா நானே எடுத்துடவா, ரெண்டு நிமிஷ வேலைதான்.”

“வேற இருக்கு. ஆனா இதுவே இருக்கட்டும்மா.”

“ஏண்ணே?”

“ஒரு தடவை வெளிய போகச் சொன்னதே போதும்.”