தொட்டியில் உட்கார்ந்த ஜா பிளேட்

"தண்ணியில போட்டா வெல்டிங் அடிக்கிற? இரும்பைக் குளிப்பாட்டவா இம்புட்டுத் தூரம் ஏத்திட்டு வந்தேன்?"

செல்லூரில் என் பட்டறை வாசலில் நின்று கல் கிரஷர் பாண்டி அண்ணன் போட்ட சத்தம் அது. அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. அவர் கிரஷரில் தாடை மாதிரி கல்லைக் கடித்து நொறுக்கும் இரும்புப் பலகையான ஜா பிளேட்டின் பற்கள் தேய்ந்து மழுங்கிவிட்டன. புதுசு வர நாளாகும். நாளை சாயங்காலத்துக்குள் ஜல்லி வராவிட்டால் வேறு கிரஷருக்குப் போய்விடுவதாக ரோடு கான்ட்ராக்டர் சொல்லிவிட்டார். அந்த ஒரு ஆர்டரை நம்பித்தான் அண்ணனின் கிரஷரே ஓடிக்கொண்டிருந்தது.

பிளேட், மாங்கனீஸ் ஸ்டீல். அடி வாங்க வாங்க இறுகும். ஆனால் அதிகச் சூடு அதற்கு ஆகாது. மேலே தேயாத பூச்சு போடும் ஹார்டுஃபேசிங் ராடு அடித்தால் அந்த வெல்டிங்குக்குள் கல்லைவிடக் கடினமான குரோமியம் கார்பைடு உருவாகும். கல்லோடு உரசித் தாக்குப்பிடிப்பது அதுதான். ஆனால் பிளேட் நெடுநேரம் சூட்டில் கிடந்தால் அதன் உடம்புக்குள்ளும் கார்பைடு கட்டிவிடும். அப்புறம் ஒரே அடியில் கண்ணாடி மாதிரி உடையும். அதனால்தான் பிளேட்டைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி, பல் மட்டும் வெளியே தெரிய ஒரு வரி வெல்டிங் அடிப்பேன். பக்கத்தில் கை வைப்பேன். கை பொறுத்தால்தான் அடுத்த வரி.

டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், அண்ணன் கூட்டி வந்த பக்கத்துப் பட்டறை வெல்டர் அதே பிளேட்டில் இன்னொரு மெஷினோடு உட்கார்ந்து அடித்துக்கொண்டிருக்கிறார்.

"ரெண்டு பேரா அடிச்சா சீக்கிரம் முடியும்லம்மா ஸ்டெல்லா?" என்றார் அண்ணன்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டேன்.

"அண்ணே, இந்தச் சூட்டுல அடிச்சா நாளைக்கு மெஷினுக்குள்ளயே ரெண்டா ஒடஞ்சு விழும். ஆர்டரும் போகும், கிரஷரும் போகும். அவசரம்னா இப்பவே தூக்கிட்டுப் போங்க. இங்க இருந்தா என் கை சொல்றதுதான்."

"அம்புட்டுப் பிடிவாதமா?"

"அம்புட்டுத்தாண்ணே."

தூக்கிக்கொண்டு போய்விடுவாரோ என்று பார்த்தேன். அண்ணன் குனிந்து பிளேட்டில் கை வைத்தார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பக்கத்துப் பட்டறைக்காரரை அனுப்பிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, தொட்டியில் வெந்நீராகிப்போன தண்ணீரை அவரே மாற்ற ஆரம்பித்தார்.

மறுநாள் மத்தியானம் போன் வந்தது. கல் நொறுங்கும் இரைச்சலில் அவர் பேசியது பாதி கேட்கவில்லை. "ஓடுதும்மா, ஓடுது!" என்றது மட்டும் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். கார்பைடை உருவாக்குவது பாதி வேலைதான். கூடாத இடத்தில் அது கட்டாமல் காப்பது மீதி. அதற்காக ஆர்டர் கைவிட்டுப் போனாலும் அசையாதீர்கள்.

அடுத்த முறை பல் தேய்ந்து வந்தபோது அண்ணன் வண்டியிலிருந்து முதலில் ஒரு பெரிய சிமெண்டுத் தொட்டியை இறக்கினார்.

"ஒந்தொட்டி பத்தலம்மா," என்றார்.