பெங்களூரிலிருந்து வந்த பேனர்

ஸ்வர்ணலதா புத்தூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறாள். பக்கத்து ஜெராக்ஸ் கடை என்னுடையது. அவள் கடையை ஆரம்பித்தது புருஷன் ஜெயபிரகாஷ். சென்னையில் வாங்கி வந்த திருட்டு டிசைன் சாஃப்ட்வேர் சி.டி.யை வைத்துத்தான் எங்கள் தெருவே பிழைத்தது, அவன் மட்டும் விதிவிலக்கா? கம்பெனிக்காரர்கள் சோதனைக்கு வருகிறார்கள் என்று ஒருநாள் புரளி கிளம்பியதும் எல்லோரும் ஷட்டரை இறக்கினோம். மற்றவர்கள் மறுநாள் திறந்தார்கள். இவன் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான். "அங்க எல்லாம் ஒரிஜினலு" என்று பெருமை வேறு.

கடையை எடுத்து நடத்திய ஸ்வர்ணலதாவுக்குப் பயம் போகவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கிற இங்க்ஸ்கேப், கிம்ப் என்ற டிசைன் சாஃப்ட்வேர்களை இறக்கிக்கொண்டாள். யாரும் சொல்லித் தரவில்லை. ஆரம்பத்தில் திருப்பதி ஃப்ளெக்ஸ் பிரஸ்காரர், "ஈ ஃபைலு மாக்கொத்தம்மா" என்று தெலுங்கில் சொல்லி, தன் கம்ப்யூட்டரில் திறக்காத ஃபைல் வேண்டாமெனத் திருப்பி அனுப்புவார். பி.டி.எஃப். ஆக மாற்றிக் கொடுக்கப் பழகினாள்.

எங்கள் பக்கத்தில் வீட்டு விசேஷ பேனரில் வெளியூர் போனவர்கள் முகம் கட்டாயம் இருக்கவேண்டும். ஆள் வராவிட்டால் பரவாயில்லை, முகம் இல்லாவிட்டால்தான் சண்டை. அப்படி எத்தனையோ பேரை அவள் வட்டத்துக்குள் வெட்டி ஒட்டியிருக்கிறாள்.

அவள் மகள் பிரேமலதா பெரியவளானாள். மஞ்சள் நீராட்டுக்காவது அவன் வரவேண்டும் என்பதுதான் ஸ்வர்ணலதாவின் ஒரே ஆசை. லீவு இல்லை என்றான். அதற்குப் பதில் ஆபீசில் உட்கார்ந்து தானே பேனர் செய்து மெயிலில் அனுப்பினான். அந்த ஒரிஜினல் சாஃப்ட்வேரில் செய்த ஃபைல். இவள் கம்ப்யூட்டரில் அது திறக்கவே இல்லை.

"வேற மாதிரி அனுப்பச் சொல்லேண்டி" என்றேன்.

"நான் அத உட்டு நாலு வருசம் ஆவுதுக்கா. அவருக்கு அதுகூடத் தெரியல" என்றாள். அழுவாள் என்று பார்த்தேன். டீயைக் குடித்துவிட்டு இங்க்ஸ்கேப்பில் புதிதாக ஒன்று செய்தாள். அவன் முகத்தையும் மறக்காமல் வைத்தாள்.

விசேஷத்தன்று சாயங்காலம் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"நான் போட்ட பேனரு எப்பிடி இருந்துச்சு?"

"நல்லாருந்துச்சு."

"அடுத்த மாசம் லீவு தராங்க. வரேன்."

"வாங்க."

போனை வைத்துவிட்டுப் பந்தல் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே என்னிடம் கேட்டாள்: "அவரு வந்தா எங்க படுக்க வெக்கறதுக்கா? எனக்கும் புள்ளைக்கும்தான் எடம் சரியா கீது."