நாணை விட்டு வில்லை அளந்தேன்

அளவு எடுப்பது எங்கள் வீட்டில் யாரும் கற்றுக்கொடுத்து வருவதில்லை. அக்கா தாயில்பட்டியில் ஒரு பட்டாசு கம்பெனியில் பேப்பர் குழாய் உருட்டுகிறாள். கல்லூரி விடுமுறையில் நானும் உருட்டியிருக்கிறேன். கம்பியின் மேல் தாள் கீற்றைச் சுற்றி, நகத்தால் ஒரு கீறல் போட்டால் அளவு முடிந்தது. ஸ்கேலைத் தேடுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும்.

விமானப் பொறியியல் கடைசி ஆண்டுக்காக ஒரு மாதிரி விமானம் செய்தேன். பெங்களூரில் ட்ரோன் கம்பெனி ஒன்றில் வேலை தயாராக இருந்தது. இந்த புராஜெக்ட் தேறினால்தான் சேரலாம்.

தேர்வுக்கு முந்தின நாள் அக்கா இறக்கையைத் தூக்கிப் பார்த்து, "இது எம்புட்டு அகலம்?" என்று கேட்டாள். வெறும் அகலம் என்றால் எங்களுக்குப் போதாது என்றேன். ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை நீட்டம். முன் விளிம்பிலிருந்து பின் விளிம்புவரை போகிற நேர்கோடு நாண். இறக்கையின் வளைந்த முதுகை வில்லாக நினைத்துக்கொண்டால், இந்தக் கோடுதான் அதன் நாண். எடை எங்கே நிற்க வேண்டும் என்பதையும் அதை வைத்துத்தான் கணக்கிடுவோம். வாத்தியாரே தோற்றுப்போவார், அப்படி விளக்கினேன்.

பிறகு இறக்கை உட்காருவதற்கு விமானத்தின் உடலில் பள்ளம் வெட்டினேன். நாணின் அளவு வரைபடத்தில் இருந்தது. அதை யார் பிரித்துப் பார்ப்பது? தாள் கீற்றை இறக்கையின் முதுகில் முன்னிருந்து பின்னாகப் போர்த்தி, நகத்தால் கீறி, அந்த அளவுக்கு வெட்டிவிட்டேன்.

மறுநாள் காலையில் பொருத்தினால், பின்னால் சுண்டுவிரல் அகலத்துக்கு இடைவெளி. இறக்கை முன்னும் பின்னும் ஆடியது. அப்படியே பறக்கவிட்டால் எடை இடம் மாறி விழும். பஸ்ஸுக்கு அரை மணி நேரம்தான் இருந்தது. வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

அக்கா தூக்குச்சட்டியை வைத்துவிட்டு வந்து பார்த்தாள். "ஏட்டி, எப்படி அளந்தே?"

காட்டினேன். சிரித்துவிட்டாள்.

"குழாய்க்குத் தாள சுத்துறோம், அதுனால சுத்தி அளக்கோம். நாணு நேர்கோடுன்னு நேத்து நீதான படிச்சுப் படிச்சுச் சொன்னே. நாண அளக்காம வில்ல அளந்து வச்சிருக்கே."

எனக்கு ஆத்திரம் வந்தது. அவள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை என்பதால் வந்த ஆத்திரம். அதற்குள் அவள் வீட்டில் கிடந்த பழுப்புக் குழாய்த் தாளை இறுக்கி உருட்டி, பசை தடவி, இடைவெளியில் அடைத்துவிட்டாள். இறக்கை அசையாமல் நின்றது. கம்பெனி வேனின் ஹாரன் கேட்டதும் ஓடினாள்.

விமானம் கல்லூரி மைதானத்தை இரண்டு சுற்றுச் சுற்றி இறங்கியது. தேர்வாளர் அந்தப் பழுப்புத் தாளின் மேல் விரலை வைத்து, "இது என்னம்மா?" என்றார். எடையைச் சரிக்கட்டும் அமைப்பு என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது.

"என் தப்பு சார். நாண அளக்காம வில்ல அளந்துட்டேன்."

அதற்குமேல் நாணைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. தேறிவிட்டேன்.

பட்டாசு கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. சாயங்காலம் வேன் வரும்வரை, சந்தோஷத்தை யாரிடமும் சொல்லாமல் ரோட்டோரம் காத்து நின்றேன். அக்கா வேன் படியில் இருக்கும்போதே கேட்டாள், "தாளு அசஞ்சுச்சா?"

விமானம் பறந்ததா என்று அவள் கேட்கவில்லை. அதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.